பரண்ல கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்: உள்ள இருக்கிற போட்டோவை எப்படி எடுக்கிறது?

அடுத்த கேள்வி, ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. வாசிச்சிடுறேன். "அண்ணா, பரண்ல கிடந்த பழைய கம்ப்யூட்டர்ல இருந்து 160 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி யூஎஸ்பி அடாப்டர்ல மாட்டினேன். டிரைவ் காட்டுது, திறந்தா ஹேங் ஆகுது. சில நேரம் ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு விட்டேன், நேத்து ராத்திரியில இருந்து ஓடுது, 3 பர்சென்ட்தான் ஆயிருக்கு. அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

தம்பி, முதல்ல அதை நிறுத்துங்க. கேன்சல் கொடுத்து கேக்கலைன்னா கம்ப்யூட்டரையே ஷட் டவுன் பண்ணிட்டு டிஸ்க்கைக் கழட்டுங்க. மிச்சத்தைக் கழட்டிட்டு வந்து பாருங்க.

ஏன்னு சொல்றேன். நல்ல டிஸ்க்கா இருந்தா பழைய யூஎஸ்பி 2.0-லயே 160 ஜிபியையும் படிச்சு முடிக்க ஒன்றரை, ரெண்டு மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க ஓடி 3 பர்சென்ட்னா, அந்த டிஸ்க் படிக்க முடியாத இடத்துல முட்டிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். டிஸ்க்ல தகவல் எழுதுற குட்டிக் கட்டத்துக்குத்தான் செக்டார்னு பேர். ஒரு செக்டார் படிக்கலைன்னா டிஸ்க் உடனே விட்டுடாது. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். அது கைவிட்டாலும் விண்டோஸ் விடாது, மறுபடி கேக்கும். உங்க டிஸ்க்ல 31 கோடி செக்டாருக்கு மேல இருக்கு. ரெக்கவரி சாஃப்ட்வேர் பாதிக்கு மேல, அழிஞ்ச ஃபைலைத் தேட எழுதினது. டிஸ்க் நல்லா இருக்குங்கிற நம்பிக்கையிலதான் அது வேலை செய்யும். சாகப் போற டிஸ்க்ல அதை ஓட்டுறது, ஐசியூல இருக்கிறவரை எழுப்பி மாடிப்படி ஏறச் சொல்ற மாதிரி.

ஆனா ஒண்ணு. டிஸ்க்கைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அடாப்டரைச் சந்தேகப்படுங்க. ஐடிஇங்கிறது பட்டையான கேபிள்ல மாட்டுற பழைய வகை. டெஸ்க்டாப்ல வர்ற பெரிய சைஸ் ஐடிஇ டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேணும், 5 வோல்ட்டும் வேணும். விலை கம்மியான அடாப்டரோட வர்ற பவர் சப்ளை பல நேரம் திணறும். டிஸ்க் சுத்த ஆரம்பிக்கும், நிக்கும், மறுபடி ஆரம்பிக்கும். பின்னாடி ரெண்டு பின்னை இணைக்கிற குட்டி மூடி இருக்கும், அதுதான் ஜம்பர். அது மாஸ்டர்ங்கிற இடத்துல இருக்கான்னு டிஸ்க் மேல இருக்கிற லேபிளைப் பாருங்க. முடிஞ்சா ஐடிஇ சாக்கெட் இருக்கிற பழைய மதர்போர்டுலயே நேரா மாட்டிப் பாருங்க. டிஸ்க் செத்துப்போச்சுன்னு கொண்டு வந்து, அடாப்டரை மாத்தினதும் சமத்தா திறந்த கேஸ் நானே பாத்திருக்கேன்.

காதை வச்சும் கேளுங்க. ஒரே சீரா சுத்துற சத்தம்னா பரவாயில்லை. டக்... டக்... டக்னு ஒரே தாளத்துல தட்டுதுன்னா பவரை எடுத்துடுங்க. பெரும்பாலும் ஹெட்டு போயிருக்கும், அதாவது சுத்துற தட்டுல இருந்து தகவலைப் படிக்கிற முனை. அதுக்கு சாஃப்ட்வேரே கிடையாது. கிளீன் ரூம், அதாவது தூசியே இல்லாத அறை வச்சிருக்கிற ரெக்கவரி லேப்லதான் அதே மாடல் டிஸ்க்ல இருந்து ஹெட்டை எடுத்து மாத்துவாங்க, செலவும் கூடத்தான். யூடியூப் பாத்து வீட்டுல ஸ்க்ரூவைக் கழட்டாதீங்க. ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி சில நானோமீட்டர்தான், ஒரு தூசி போதும். ஃப்ரீசர்ல வச்சா வேலை செய்யும்னு சொல்வாங்க, வெளிய எடுத்ததும் உள்ள ஈரம் கோத்துக்கும். அதையும் செய்யாதீங்க.

தட்டுற சத்தம் இல்லைன்னா வழி இருக்கு. ரிப்பேர் அப்புறம், முதல்ல நகல். டிடிரெஸ்க்யூன்னு ஒரு புரோகிராம், இலவசம், லினக்ஸ்ல ஓடும். சிஸ்டம்ரெஸ்க்யூங்கிற லினக்ஸை பென் டிரைவ்ல போட்டு பூட் பண்ணினா அதுலயே இருக்கும். இது எப்படி வேலை செய்யுதுன்னா, நம்ம பரீட்சை எழுதுற மாதிரி. தெரிஞ்ச கேள்வியை எல்லாம் மடமடன்னு முடிச்சுடும், முட்டுற இடம் வந்தா தாண்டிக் குதிச்சுப் போயிடும். நல்ல பகுதி எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து சுரண்டும். மேப் ஃபைல்னு ஒண்ணு கொடுக்கணும், அதை மறந்துடாதீங்க. எது வந்துச்சு, எது வரலைன்னு அதுலதான் எழுதி வைக்கும். நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். முதல் தடவை கமாண்ட்ல மைனஸ் என் (-n) சேர்த்து ஓட்டுங்க, சுரண்டுற வேலையைத் தள்ளி வைக்கும்.

நகல் ஒரே பெரிய இமேஜ் ஃபைலா வரும், அது போற டிஸ்க்ல 160 ஜிபிக்கு மேல காலி இடம் வேணும். அந்த டிஸ்க்கோட ஃபார்மட் ஃபேட் 32-ஆ இருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, எக்ஸ்ஃபேட்டோ என்டிஎஃப்எஸ்ஸோ இருக்கட்டும். எது சோர்ஸ், எது டெஸ்டினேஷன்னு சைஸைப் பாத்து ரெண்டு தடவை உறுதி பண்ணிட்டு எண்டர் தட்டுங்க. மாத்திக் கொடுத்தீங்கன்னா அக்கா கல்யாணத்து மேல வெறும் டிஸ்க்கை எழுதிடுவீங்க.

விண்டோஸ் ஃபார்மட் பண்ணவான்னு கேட்டா கேன்சல். டிஸ்க் பிழையைச் சரி பண்ண விண்டோஸ்லயே இருக்கிற செக்டிஸ்க் பக்கமே போகாதீங்க. நான் வேலை கத்துக்கிட்ட புதுசுல ஒருத்தரோட டிஸ்க்ல அதை ஓட்டினேன். போல்டர் எல்லாம் காணாமப் போய், ஃபவுண்ட் ஜீரோ ஜீரோ ஜீரோங்கிற போல்டர்ல பேரில்லாத ஃபைலா குவிஞ்சு கிடந்துச்சு. செக்டிஸ்க்குக்கு டிஸ்க்கோட கணக்கு நேரானா போதும், உங்க ஃபைல் அதுக்கு முக்கியம் இல்லை. அன்னைக்கு அவர் முகத்தைப் பாத்து எனக்குப் பேச்சே வரலை.

நகல் கைக்கு வந்துடுச்சா, ஒரிஜினலைக் கழட்டி பத்திரமா வச்சுடுங்க. இனி எந்தச் சோதனையா இருந்தாலும் நகல் மேலதான். முதல்ல 7-ஜிப்ல திறந்து பாருங்க, பல நேரம் போல்டர் எல்லாம் அப்படியே தெரியும். தெரியலைன்னா டெஸ்ட்டிஸ்க், தொலைஞ்ச பார்ட்டிஷனைத் தேடிக் கொடுக்கிற இலவச புரோகிராம். அதுக்கும் மசியலைன்னா கடைசியா போட்டோரெக். அது ஃபைல் பேரைப் பாக்காது, ஜேபெக் போட்டோ ஃபைல் எப்படி ஆரம்பிக்கும்னு அதுக்குத் தெரியும், அதை வச்சே அள்ளிக் கொடுத்துடும். பேர் எல்லாம் போயிடும், பிரவுசர்ல பாத்த குட்டிக் குட்டிப் படம் வரைக்கும் ஆயிரக்கணக்குல கொட்டும். பயப்படாதீங்க. டிஜிட்டல் கேமராவுல எடுத்த போட்டோன்னா எடுத்த தேதி போட்டோவுக்குள்ளயே இருக்கும். விண்டோஸ்ல 'டேட் டேக்கன்' படி அடுக்கிட்டு, அக்கா கல்யாணத் தேதிக்குப் போங்க. அங்க இல்லைன்னா போட்டோகிராபர் கேமராவுல தேதியே செட் பண்ணாம விட்டிருப்பாரு. அப்படிப்பட்டவங்க நிறைய பேர் உண்டு, செட் பண்ணாத கேமரா தானா போடுற பழைய வருஷத்துலயும் ஒரு தடவை தேடிப் பாருங்க.