முதலில் கேபிளைக் கழற்றுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் எடுக்கும் பேக்கப்பை, அதாவது தகவல்களின் காப்பு நகலை, எப்படிச் சோதிப்பது என்று பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். ஆனால் ஜெனரேட்டரில் இருந்து தொடங்குகிறேன்.

கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனதும் ஒருவர் ஜெனரேட்டரைப் போட ஓடுவார். சுவரில் இருக்கும் ஒரு பெரிய கைப்பிடியையும் அவர் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்பார்கள். மண்டபத்தை ஈ.பி. லைனில் இருந்து பிரித்து ஜெனரேட்டரோடு சேர்ப்பது அதுதான். அது இல்லாமல் ஜெனரேட்டரைக் கொடுத்தால் மின்சாரம் தெருவுக்குத் திரும்பிப் போகும். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் உயிரையே எடுத்துவிடும்.

இருபது வருடமாக நான் சர்வர்களை, அதாவது நிறுவனங்களின் தகவல்களை வைத்திருக்கும் கணினிகளை, பராமரிக்கிறேன். அங்கேயும் இப்படி ஒரு கைப்பிடி வேண்டும்.

பேக்கப் எடுப்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் போனே ராத்திரியில் எடுத்துக்கொள்கிறது. எடுத்த பேக்கப் உயிரோடு எழுந்து வருமா என்பதுதான் கேள்வி. அதைப் பார்க்க ஒரே வழி, வேறொரு சர்வரில் அதை ஏற்றி எழுப்பிப் பார்ப்பது. சரி, எழுப்புகிறோம். எழுந்த நகலுக்குத் தான் நகல் என்று தெரியாது. அசலின் பெயர், அசலின் பாஸ்வேர்டு, அசல் செய்துகொண்டிருந்த வேலைகள், எல்லாம் அதனிடமும் இருக்கும். விட்ட இடத்தில் இருந்து வேலையைத் தொடங்கிவிடும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மருத்துவமனையில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மூன்று வாரத்துக்கு முந்தைய பேக்கப்பை ஏற்றிப் பார்த்தேன். நெட்வொர்க்கில் அதன் கதவு எண் மாதிரியான ஐ.பி. முகவரியை மாற்றினேன், பெயரை மாற்றினேன், வெளியில் இருந்து யாரும் உள்ளே வராதபடி அடைத்தேன். அசலும் நகலும் மோதாது, போதும் என்று நினைத்தேன். தகவல்கள் அத்தனையும் திரையில் வந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். டீ குடிக்கப் போய்விட்டேன்.

அந்தப் பேக்கப்பை எடுத்த நேரத்தில் சில எஸ்.எம்.எஸ்.கள் அனுப்பப்படாமல் வரிசையில் நின்றிருக்கின்றன. நகல் எழுந்ததும் அவற்றை அனுப்பிவிட்டது. ‘நாளை காலை 7 மணிக்கு ரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றில் வரவும்.’ மூன்று வாரத்துக்கு முந்தைய நாளை!

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப் வாசலில் ஒரு கூட்டம். அதில் ஒரு பெரியவர், முதல் பஸ் பிடித்து வந்தவர். முந்தின ராத்திரியில் இருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, “தம்பி, நீங்கதானே வரச்சொன்னீங்க?” என்றார். நான்தான். கேன்டீனுக்குக் கூட்டிப்போய் நாலு இட்லி வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நான் விட்ட தப்பு இதுதான்: உள்ளே வரும் வழியை அடைத்தேன், வெளியே போகும் வழியை அடைக்கவில்லை. தனிமைப்படுத்துவது என்றாலே யாரும் உள்ளே வரக்கூடாது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் எழுந்த நகல் வெளியே போய்த்தான் வம்பு செய்யும். எஸ்.எம்.எஸ். அனுப்பும், மின்னஞ்சல் அனுப்பும், நிஜமான டேட்டாபேஸைத் தேடிப்போய்ப் பழைய கணக்கை எழுதிவிடும். ஜெனரேட்டர் கதைதான், மின்சாரம் தெருவுக்குப் போவது.

அதனால் இப்போதெல்லாம் முதலில் அறுப்பது, பிறகுதான் எழுப்புவது. நிஜப் பெட்டி என்றால் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்வேன். வர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி என்றால், அதன் நெட்வொர்க் கார்டுக்கு எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு ஆன் செய்வேன். எழுந்ததும், நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகளை நிறுத்துவேன், வரிசையில் நிற்கும் செய்திகளை அழிப்பேன். அப்புறம், வெளியே எங்கும் வழியில்லாத தனி நெட்வொர்க்கில் சேர்ப்பேன். சேர்த்த பிறகு அந்த நகலில் உட்கார்ந்து அசல் சர்வரைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். பதில் வரக்கூடாது. வந்தால் வேலை முடியவில்லை. திரும்பச் சொல்கிறேன், அறுத்த பிறகுதான் எழுப்ப வேண்டும்.

இவ்வளவு வம்பு எதற்கு, சோதிக்காமலே இருந்துவிடலாமே என்று தோன்றும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். உலகம் முழுக்க நிரலாளர்கள் பயன்படுத்தும் தளம். இரவில் வெகுநேரம் வேலை பார்த்த ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்துப் பிரதான சர்வரின் டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 தான் மிச்சம். தினசரி பேக்கப்பைத் தேடினால் அந்த இடம் காலி. அது ஓடாமல் இருந்தது யாருக்குமே தெரியவில்லை. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன்னால் சோதனை சர்வருக்காகத் தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகல். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், சோதனை சர்வருக்கு நகல் போகும்போது வெளித் தளங்களுக்குத் தானாகச் சேதி அனுப்பும் ஏற்பாடுகளை அவர்கள் வழக்கமாக நீக்கிவிடுவார்கள். கைப்பிடியைத் தள்ளியிருந்தார்கள், பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். நோயாளிகளின் பெயரும் நோயும் நகலிலும் அப்படியேதான் இருக்கும். சோதனை சர்வர்தானே என்று பாஸ்வேர்டை ஒன்று இரண்டு மூன்று என்று வைக்காதீர்கள். சோதனை முடிந்ததும் நகலை அழித்துவிடுங்கள். பேக்கப் இருக்கும் இடத்தைப் படிக்க மட்டும் நகலுக்கு அனுமதி கொடுங்கள், எழுதக் கொடுக்காதீர்கள். அது ஏன் என்பதற்கும் ஒரு கதை வைத்திருந்தேன், இட்லியிலேயே நேரம் போய்விட்டது. வணக்கம்.