1804இல் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் போன படை

வணக்கம் நேயர்களே. நம்முடைய மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு வழி தெரியும். செங்கலடி, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை, பிறகு மலை. விடியப் புறப்பட்டால் பகல் சாப்பாட்டுக்குக் கண்டி. 1804 செப்டெம்பர் 20ஆம் திகதி மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆங்கிலப் படை ஏறக்குறைய இதே திசையில், மகியங்கனைப் பக்கத்து விந்தனைக் காட்டுக்குள்ளால் நடந்தது. கண்டியை அடைந்தது ஒக்டோபர் 6.

தலைமை தாங்கியவர் கப்டன் ஆதர் ஜோன்ஸ்ரன். அதற்கு முந்திய ஆண்டு, 1803 ஜூனில், கண்டியில் விடப்பட்டிருந்த ஆங்கிலப் படையை கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆட்கள் அழித்திருந்தார்கள். அதற்குப் பதிலடியாக கொழும்பிலிருந்த ஆங்கில ஆளுநர் நோர்த் பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் படைகளைக் கண்டிக்கு அனுப்பத் திட்டமிட்டார். பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் ஜோன்ஸ்ரனுக்குப் போன இரண்டாவது கடிதத்தில், 'நீ போகாதே' என்று தெளிவாக ஒரு வரி இல்லை. அவர் புறப்பட்டார். கண்டிக்குப் போய்ப் பார்த்தால் வேறு எந்தப் படையும் வரவில்லை. திட்டம் மாறியது கொழும்புக்குத் தெரியும். காட்டுக்குள் நடந்தவர்களுக்குத் தெரியாது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் கப்டனின் துணிச்சலைச் சொல்வார்கள். துணிச்சல்காரர்தான், மறுக்கவில்லை. எனக்குப் பல வருடமாக மனத்தில் நிற்பது சுமை தூக்கியவர்கள். சண்டைக்காரர் ஏறக்குறைய 300 பேர்: வெள்ளைக்காரர், மலாய்க்காரர், இந்தியச் சிப்பாய்கள். சுமைக்குப் போன கூலிகள் அவர்களைவிட அதிகம். அரிசி யார் தலையில்? வெடிமருந்து யார் தோளில்? காய்ச்சலில் விழுந்த சிப்பாயை டோலியில் தூக்கியது யார்? தூக்குகிறவனுக்கே காய்ச்சல் வந்தால் அவனை யார் தூக்குவது? கையில் துவக்கு இல்லை, இரண்டு கையும் சுமையில். மரத்துக்குப் பின்னால் நின்று சுடுகிறவனுக்கு முதல் அகப்படுவது அவன்தான். சுமையைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடினால் 'ஓடிவிட்டான்' என்று எழுதுவார்கள். அவன் அந்தப் போரைக் கேட்டவன் இல்லை, நேயர்களே. திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அவன் கேட்டவன் இல்லை.

ஜோன்ஸ்ரன் 1810இல் இந்தப் பயணத்தைப் புத்தகமாக்கினார். அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. கூலிகளுக்கு எண்ணிக்கை மட்டும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். திரும்பிய வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்டியில் தங்க முடியாது, பின்னால் துரத்தல். வந்த வழியை விட்டுத் திருகோணமலைப் பக்கம் இறங்கினார்கள். ஒக்டோபரிலேயே போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களிலும் பலர் நோயில் இறந்தார்கள். 1815இல் கண்டி விழுந்ததைப் பற்றியும் பேச நினைத்தேன், இன்று முடியாது. படுவான்கரையிலோ விந்தனைப் பக்கத்திலோ உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய சுமை வழி, தங்குமடம், ஆற்றுத்துறை பற்றிக் கதை ஏதும் இருந்தால், ஊர்ப் பெயரோடு எழுதி இந்த நிலையத்துக்கு அனுப்புங்கள்.