சாவியை வாங்குவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

நினைவு குறைந்து வருபவர்களைப் பார்க்கும் மருத்துவர் நான். குடும்பத்தார் என்னிடம் கேட்கும் கேள்விகளில் மிகவும் சங்கடமானது மருந்தைப் பற்றியது அல்ல. "அப்பா இன்னும் கார் ஓட்டலாமா டாக்டர்?" என்பதுதான். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கேட்கும் மகன் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார்.

நகரத்தில் இருப்பவர் என்றால் ஓரளவு தைரியமாகப் பதில் சொல்லிவிடுவேன். பஸ் இருக்கிறது, கூப்பிட்டால் வாடகை வண்டி வரும். ஆனால் கடைக்குப் போக 15 கிலோமீட்டர், மருத்துவமனைக்கு 40 கிலோமீட்டர், பஸ்ஸே வராத ஊர் என்றால்? அங்கே ஒருவரிடம் காரை நிறுத்துங்கள் என்று சொன்னால், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொன்னதாகத்தான் அர்த்தம். ஓட்டுவதை விட்டவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதை என் அறையிலேயே பார்த்திருக்கிறேன்.

ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். கணவருக்கு 80 வயதைத் தாண்டிவிட்டது. "நான் கூடவே போறேன் டாக்டர், பயமில்லை" என்றார் அவருடைய மனைவி. கூட இருந்து என்னம்மா செய்வீர்கள் என்று கேட்டேன். "சிவப்பு விழுந்தா சொல்லுவேன். திரும்புற இடம் வந்தா தொடையில தட்டுவேன். எதிர்ல வண்டி வந்தா, இருங்க இருங்கன்னு சொல்லுவேன்." அவர் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது ஒருவர், சாலையைப் பார்ப்பது இன்னொருவர். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். அந்த அம்மா பார்த்து, வாயைத் திறந்து சொல்லி, அது அவர் காதில் விழுந்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் என்னென்ன நடந்துவிடும்!

பலர் நினைப்பதுபோல இது ஞாபகமறதி சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுபவர் நன்றாகவே ஓட்டலாம். ஓட்டுவதற்கு வேண்டியது வேறு: ஒரே நேரத்தில் நாலு பக்கமும் கவனம், எதிரே வருவதன் வேகத்தைக் கணிப்பது, சட்டென்று முடிவெடுப்பது. எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடந்து திரும்பும் சந்திப்புகளில்தான் வயதானவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஐம்பது வருடம் ஓட்டிய கைக்குப் பழகிய பாதை மனப்பாடம். அந்தப் பாதையை அடைத்து மாற்றுவழியில் அனுப்பும் நாளில்தான் குறை வெளியே வரும்.

சரி, சட்டம் என்ன செய்கிறது? பிரிட்டனில் 70 வயதுக்குப் பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். தகுதியோடு இருக்கிறேன் என்று ஓட்டுபவரே எழுதிக் கொடுக்கிறார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தனக்குக் குறை இருக்கிறது என்ற உணர்வையே அழித்துவிடும் நோய் இந்த மறதி நோய். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைப்பதில்லை, நன்றாக இருப்பதாகவே மனதார நம்புகிறார்.

ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே 75 வயது கடந்தவர்கள் புதுப்பிக்கும்போது அறிவுத்திறன் சோதனை எழுத வேண்டும். 16 படங்களைக் காட்டுவார்கள். நடுவில் வேறொரு வேலை கொடுத்துக் கவனத்தைத் திருப்பிவிட்டு, என்னென்ன படம் பார்த்தீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். அன்றைய தேதியையும் கிழமையையும் கேட்பார்கள். 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயதுக்காரர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததில் ஒரு தாயும் மூன்று வயது மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டில் மட்டும் சுமார் ஆறு லட்சம் பேர் தாமாகவே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2022 மே மாதத்திலிருந்து, சில வகை விதிமீறல்கள் செய்த 75 வயதைக் கடந்தவர்கள் வண்டியை ஓட்டியும் காட்ட வேண்டும்.

டென்மார்க்கில் நடந்தது எல்லா நாட்டு அதிகாரிகளும் படிக்க வேண்டிய பாடம். 70 வயதைக் கடந்தவர்களுக்கு 2006இல் அறிவுத்திறன் சோதனையைக் கொண்டுவந்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது, முதிய ஓட்டுநர்கள் சிக்கிய உயிரிழப்பு விபத்துகள் குறையவில்லை. நடந்தும் சைக்கிளிலும் போய் இறந்த முதியவர்களின் எண்ணிக்கைதான் கூடியிருந்தது. காரை விட்டவர்கள் சாலையை விடவில்லை, இரும்புக்கூடு இல்லாமல் அதே சாலைக்கு வந்துவிட்டார்கள். வயதை மட்டும் வைத்து எல்லோரையும் மருத்துவச் சோதனைக்கு அனுப்பும் முறையை 2017இல் அந்த நாடு கைவிட்டது.

அதற்காகச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோய் நடுத்தரக் கட்டத்துக்கு வந்துவிட்டால் ஓட்டக்கூடாது, அதில் பேரம் கிடையாது. கிராமத்துச் சாலை காலியாகத்தானே இருக்கிறது என்பார்கள். காலியான சாலையில்தான் வேகம் கூடும், நடுவே தடுப்பு இருக்காது, அடிபட்டால் ஆம்புலன்ஸ் வரவும் நேரமாகும்.

நான் கேட்பது சோதனை எப்படி, எங்கே என்பதைத்தான். கடிகாரம் வரையச் சொல்வதும், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடிட்டு இணைக்கச் சொல்வதும் எச்சரிக்கை மணிகள். அவற்றை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது. பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டுபவர் தினமும் போகும் சொந்தச் சாலையில், ஒரு எதிர்பாராத திருப்பத்தையும் சேர்த்து ஓட்டவைத்துப் பார்க்க வேண்டும். சோதிப்பவர்தான் ஊருக்குப் போக வேண்டும். ஊருக்கு ஒரே மருத்துவர் இருக்கும் இடத்தில் அந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்டினால் என்ன ஆகும் தெரியுமா? லைசென்ஸ் போய்விடுமே என்று, மறதி வந்தவர் அவரிடம் வருவதையே நிறுத்திவிடுவார்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. 85 வயதுக்குப் பிறகு ஓட்டிக் காட்டித் தேறலாம், அல்லது வீட்டைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரம்வரை மட்டும் ஓட்டும் உரிமத்தைப் பெறலாம். உடல் தளர்ந்தவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் எல்லை எது என்பதையே மறப்பவருக்கு இதைக் கொடுக்கக்கூடாது.

அப்புறம், உரிமத்தை ரத்து செய்யும் கடிதத்திலேயே, நாளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக யார் வருவார்கள் என்ற விவரமும் இருக்க வேண்டும். நான் சொன்னேனே, அந்தத் தம்பதி. கணவருடைய உரிமம் ஒரே வாரத்தில் ரத்தானது. முதியோரை ஏற்றிப்போகும் வேன் வர மூன்று மாதமானது. இடையில் இதய மருத்துவரை இரண்டு முறை பார்க்க முடியாமல் போனது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு: சாவியை ஒளித்து வைக்காதீர்கள். ஒருநாள் அவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள், அவசரம் வந்தாலொழிய வாயைத் திறக்காதீர்கள். பம்பரில் புதுக் கீறல் இருக்கிறதா, பழகிய வழியில் தவறித் திரும்புகிறாரா, பின்னால் ஹார்ன் சத்தம் கூடுகிறதா என்று கவனியுங்கள். கண்புரையா, தூக்க மாத்திரையா, சளி மாத்திரையா என்றும் கேளுங்கள். அவை சரிசெய்யக்கூடியவை. அவற்றால் வந்த தடுமாற்றத்துக்காக ஒருவரிடம் சாவியை வாங்கிவிட்டால் அது பெரிய அநியாயம்.

அந்த அம்மாவிடம் உரிமம் இருந்தது, இருபது வருடமாகத் தொடவில்லை. பயிற்சியாளர் ஒருவரோடு ஆறு வாரம் பழகினார். போன முறை என்னைப் பார்க்க அவர்தான் ஓட்டி வந்தார். நெடுஞ்சாலைப் பக்கம் போவதில்லை, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறார். அவர் கணவர் பக்கத்து இருக்கையில் ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

நன்றி. வணக்கம்.