தூக்க மாட்டேன் என்றவர்தான் பாஸ்! ஃபோர்க்லிஃப்ட் டெஸ்ட்டில் நடந்தது என்ன?

[திரையில்: 5 டன் ஃபோர்க்லிஃப்ட், எதிரே நீளமான மரப்பெட்டி]

5 டன் தூக்கும் வண்டி. எதிரே 4 டன் பெட்டி. தூக்கலாமா? ‘தாராளமா’ என்பவர்கள் கை தூக்குங்கள். சரி, இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் ஃபெயில்.

வணக்கம் மக்களே! ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு யார்டில் ஆபரேட்டர் டெஸ்ட் நடந்தது. காலையிலிருந்து நின்று பார்த்தேன். கத்திரி வெயிலில் என் கேமராவே இரண்டு தடவை மயங்கி விழுந்தது.

எழுத்துத் தேர்வு, கண் பரிசோதனை, டயர், பிரேக், ஹாரன், சங்கிலி பார்ப்பது எல்லாம் உண்டு. தூக்கம் வரும், தாண்டிவிடுவோம். ஒன்று மட்டும்: அமெரிக்க விதிப்படி 3 ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆபரேட்டரை மறுபடி மதிப்பிட வேண்டும். ‘பத்து வருஷமா ஓட்டுறேன்’ என்பது பதிலாகாது. பத்து வருஷமாகத் தப்பாகவும் ஓட்டியிருக்கலாமே!

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். டெஸ்ட் வைத்தவர் சொன்னது ஒரே வரி: “தம்பி, இதை ஷெட்டுக்குள்ள வைங்க.”

முதல் ஆள் நேராக வந்து ஃபோர்க்கை, அதாவது வண்டியின் முன்னால் நீட்டியிருக்கும் இரும்புக் கைகளை, செருகினார். விசில். இறங்கு.

இரண்டாவது ஆள் வண்டியை விட்டு இறங்கி, பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பக்கம் ‘4 டன்’ என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. நடந்தவருக்கு மட்டுமே தெரியும் எழுத்து! “உள்ள எந்தப் பக்கம் கனம் சார்?” என்றார். ஒரே சீராக இருப்பதாகப் பதில் வந்தது. பெட்டியைக் காலடியால் அளந்தார், வண்டி எவ்வளவு தூக்கும் என்று எழுதியிருக்கும் தகட்டைப் படித்தார். “இந்த வண்டியில ஆவாது சார், பெரிய வண்டி இன்னா இருக்கு?” டெஸ்ட் வைத்தவர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். பெட்டி காலி என்பது தனிக்கதை.

ஏன் ஆகாது? மாட்டு வண்டி ஓட்டிய தாத்தா வீட்டில் இருந்தால் கேளுங்கள், ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்: பின்பாரம். மூட்டையைப் பின்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மேலே கிளம்பும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். நடுவில் அச்சு, ஒரு பக்கம் மூட்டை, மறு பக்கம் மாடு. ஃபோர்க்லிஃப்ட்டும் அதே வண்டிதான். முன் சக்கரம்தான் அச்சு. லோடு ஒரு பக்கம். மாட்டுக்குப் பதில் பின்னால் இரும்புப் பாரம். லோடு ஜெயித்தால் பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். கூத்து என்னவென்றால், ஸ்டியரிங் இருப்பதே பின் சக்கரத்தில்தான்! அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பி என்ன பயன்?

கணக்கும் போடலாம், பயப்படாதீர்கள். தகட்டில் உள்ள 5 டன், எடையின் நடுப்புள்ளி ஃபோர்க்கின் முதுகிலிருந்து (பெட்டி ஒட்டி நிற்கும் நிமிர்ந்த பகுதி) 60 செ.மீ. தள்ளி இருந்தால்தான். அச்சிலிருந்து அந்த முதுகு வரை ஒரு பேச்சுக்கு இன்னொரு 60 செ.மீ. வைப்போம். 5 × 1.2 = 6. நம் பெட்டி 2.4 மீட்டர் நீளம், நடுப்புள்ளி 1.2 மீட்டர் தள்ளிப் போகிறது. அச்சிலிருந்து 1.8 மீட்டர். 6-ஐ 1.8-ஆல் வகுங்கள்: 3.3 டன். அதே வண்டி, அதே டிரைவர், பெட்டி நீண்டதற்கே ஒன்றரை டன்னுக்கு மேல் காலி!

[திரையில்: காலி வண்டி வேகமாகத் திரும்புகிறது]

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். லோடைத் தாழ்வாக வைத்துப் போகும் வண்டியைவிட, வெறும் வண்டிதான் திருப்பத்தில் சுலபமாகப் பக்கவாட்டில் கவிழும். பின் அச்சு நடுவில் ஒரே இடத்தில் மாட்டியிருப்பதால், வண்டி மூன்று காலில் நிற்கிற மாதிரி. லோடு இல்லையென்றால் எடையில் பெரும்பகுதி பின்னால் இருக்கும் அந்த ஒற்றைக் கால் பக்கம் போய்விடுகிறது. அதனால் லோடை இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் டெஸ்ட் வைத்தவரின் மார்க் போடும் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

கவிழ்ந்தால் குதிக்கக் கூடாது. மேல்கூரை ஆள் மேலேயே விழும். பெல்ட்டோடு ஸ்டியரிங்கைப் பிடித்து, விழும் பக்கத்துக்கு எதிராகச் சாய வேண்டும். நம்ம வேலூருக்கு நீரில்லாத ஆறு, மன்னனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று பழைய கிண்டல் உண்டு. சாமி 1981-லேயே வந்துவிட்டார். பெல்ட் போடாத ஃபோர்க்லிஃப்ட் டிரைவரை அந்தக் காலி இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் பெல்ட் போடுகிறார்கள்? கமெண்டில் சொல்லுங்கள், கம்பெனி பேர் வேண்டாம்.

கடைசியில், “முடிஞ்சுது தம்பி, டீ குடிக்கலாம்” என்றார் டெஸ்ட் வைத்தவர். பேனாவை மட்டும் மூடவில்லை. நம்ம ஆள் ஃபோர்க்கைத் தரையில் படுக்க வைத்தார், நியூட்ரலுக்கு மாற்றினார், ஹேண்ட் பிரேக் போட்டார், சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அப்புறம்தான் பேனா மூடியது.