தண்ணீரில் நிற்கும் செடி ஏன் வாடுகிறது?

[காட்சி: சமையலறை ஜன்னலோரம் பத்து லிட்டர் பெயின்ட் வாளி. மூடியில் துளையிட்டு வைத்த வலைக் கிண்ணத்தில் ஒரு லெட்டூஸ் செடி. இலைகள் துவண்டு, வாளி விளிம்பில் ஈரத் துணிபோலத் தொங்குகின்றன.]

வணக்கம். மண்ணில்லாமல், தண்ணீரிலேயே வளர்க்கும் இந்தச் செடியின் வேர் முழுவதும் தண்ணீருக்குள் இருக்கிறது. ஆனால் இலையைப் பார்த்தால் மூன்று நாள் தண்ணீர் காணாத செடிபோலத் தெரிகிறது. இந்தக் கோலத்துக்குக் காரணம் நான்தான்.

நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வாளியில் தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது. ஐயோ பாவம் என்று, தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல், கிண்ணத்தின் அடி முங்கும் வரை ஊட்டக் கரைசலை, அதாவது உரம் கரைத்த தண்ணீரை, ஊற்றி நிரப்பினேன். இரண்டாம் நாள் நண்பகலில் செடி சாய்ந்துவிட்டது. பிறகு நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம்: வாடியிருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

[காட்சி: வெட்டுமுகப் படம். பாதி அளவு தண்ணீர். மேல்பாதி வேர்கள் காற்றில், பஞ்சுபோல மயிரடர்ந்து. கீழ்ப்பாதி வேர்கள் தண்ணீரில், வழவழவென்று.]

இது பம்ப் இல்லாத முறை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரவலாக்கியது. செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும். மேலே காற்று இடைவெளி உருவாகும். அந்த இடைவெளியில் நிற்கும் வேர்கள் ஈரக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கப் பழகிக்கொள்ளும். அந்தப் பஞ்சு வேர்களைத்தான் நான் ஒரே ஊற்றில் மூழ்கடித்தேன். இறங்கிய தண்ணீரைத் திரும்ப முழுதாக ஏற்றக் கூடாது. குறைந்ததில் சிறு பகுதியை மட்டும் ஊற்றி, மேல்வேர்கள் காற்றிலேயே இருக்கும்படி விட வேண்டும்.

வேரும் மூச்சு விடுகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரிக்குப் போனால் அது ஏழரையாகிவிடும். அதே நேரம், வெப்பம் ஏறினால் வேருக்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் கூடும். வரவு குறைந்து செலவு கூடும் மாதக் கடைசி நிலைமை. போதாததற்கு, காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் தண்ணீரில் பரவும். வேரைச் சுற்றியிருந்த இருப்பு தீர்ந்துவிட்டால், அடுத்தது வந்து சேர நேரமாகும்.

நெல் மட்டும் தண்ணீரில் நிற்கிறதே என்று கேட்பீர்கள். நெல்லின் வேருக்குள் காற்றறைகள் உண்டு. மேலிருந்து இறங்கும் காற்று அவற்றின் வழியாக நுனி வரை போகும். லெட்டூசுக்கும் திருநீற்றுப்பச்சைக்கும் அந்த அளவுக்கு வசதி கிடையாது. ஆக்சிஜன் அற்றுப்போனால் வேர்ச் செல்கள் தண்ணீர் நுழையும் வழிகளை அடைத்துக்கொள்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு செடி தாகத்தில் வாடுவது இதனால்தான்.

[காட்சி: மூன்று இலைகள் அருகருகே. ஒன்று அடியிலை மஞ்சள். ஒன்று இளந்தளிர், நரம்பு பச்சை, இடையில் வெளுப்பு. ஒன்று ஓரம் கருகியது.]

இலையை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அடியிலை மஞ்சளாவது தழைச்சத்துக் குறைவாலும் வரும், வேர் அழுகலாலும் வரும். தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று எல்லாரும் சொல்வார்கள். உடனே ஒரு புட்டி வாங்கி ஊற்றிவிடாதீர்கள். கரைசலில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாமல் இருக்கலாம். கரைசலின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஆறரையைத் தாண்டிப் போயிருக்கலாம். முதலில் அதை அளந்து, ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் கொண்டுவாருங்கள்.

இலையிடம் நான் நம்பிக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: விடியற்காலையில் எப்படி இருக்கிறாய்? மதியம் வாடி, இரவில் நிமிர்ந்துவிட்டால் வெயில் காரணமாக இருக்கலாம். சூரியன் வருவதற்கு முன்பும் துவண்டே கிடந்தால் மூடியைத் திறந்துவிட வேண்டியதுதான்.

[காட்சி: மூடியைத் தூக்குகிறோம். வேர்க்கொத்து வெளியே வருகிறது. மிக அருகில்: பழுப்பு நிற வேர்.]

பழுப்பாக இருக்கிறதே என்று பதறாதீர்கள். ஊட்டக் கரைசலில் உள்ள இரும்பு, வேருக்குத் தேநீர்க் கறை ஏற்றிவிடும். அது வெறும் சாயம். உண்மை தெரிய விரல்தான் வேண்டும். ஒரு வேரை நல்ல தண்ணீரில் அலசி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, மெல்ல நுனிப்பக்கமாக உருவுங்கள்.

[காட்சி: மிக அருகில் இரண்டு விரல்கள். வேரின் மேல்தோல் உறைபோலக் கழன்று வருகிறது. உள்ளே நூல்போன்ற நரம்பு மட்டும் மிஞ்சுகிறது.]

கறை படிந்த நல்ல வேர் விறைப்பாக நிற்கும். அழுகிய வேரின் தோல் இப்படி வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். முகர்ந்தும் பாருங்கள். நல்ல வேரில் பச்சைக் காய்கறி வாசம் வரும். அழுகியதில், பூச்சாடியில் ஒரு வாரம் மாற்றாமல் விட்ட தண்ணீரின் நாற்றம் வரும்.

பெரும்பாலும் வேரை இப்படி அழுக வைப்பது பித்தியம் என்ற நுண்ணுயிர். பூஞ்சை என்றே பலரும் சொல்கிறார்கள். உண்மையில் அது பாசிகளுக்கு நெருங்கிய வேறொரு குடும்பம். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும். ஒரே தொட்டிக் கரைசல் பல செடிகளுக்கு ஓடும் அமைப்பு என்றால், ஒரு செடியின் நோயை வீட்டு நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: மூடியின் ஓரத் துளை வழியாக இறங்கும் மூங்கில் குச்சி. அதில் பேனாக் கோடுகள்.]

என் வீட்டில் உள்ள மிகச் சிறந்த கருவி இந்தக் குச்சி. ஸ்கூட்டரில் ஆயில் பார்ப்பதுபோலத் தினமும் காலையில் விட்டு எடுத்து, ஈரம் எங்கே நிற்கிறது என்று கோடு போடுகிறேன். நன்றாக இருக்கும் செடி குடித்துக்கொண்டே இருக்கும். கோடுகள் நெருங்கிக்கொண்டே வந்தால் வேருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இலை வாடுவதற்கு முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் ஒழுங்காக இறங்கி, கரைசலின் உப்புச் செறிவைக் காட்டும் இசி அளவு ஏறிக்கொண்டே போனால் அது வேறு கதை: ஊட்டம் அதிகம், வெறும் தண்ணீர் சேருங்கள். இலையோரம் கருகுவது இந்த வகையாகவும் இருக்கலாம்.

தென்னை நார்க் கழிவில் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் அடியில் சேறாக இருக்கும். தொட்டியைத் தூக்கிக் கனம் பாருங்கள். மேற்பரப்பில் பச்சைப் பாசியும், தட்டினால் பறக்கும் குட்டிக் கறுப்பு ஈக்களும் இருந்தால் நீங்கள் அதிகமாக ஊற்றுகிறீர்கள். அந்த ஈயின் புழுக்கள் இளவேரைக் கடிக்கும். நம் விவசாயிகள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது காயவிட்டுப் பிறகு தண்ணீர் விடுவது, அடுக்குமாடி வீட்டு ஜன்னலோரத்துக்கும் பொருந்தும்.

[காட்சி: கத்தரிக்கோல், புதுக் கரைசல், மீன் தொட்டிக் காற்று பம்ப், பனிக்கட்டி பாட்டில்.]

இனி வைத்தியம். கழன்று வரும் வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். வேர் குறைந்த அளவுக்கு வெளியிலைகளையும் பறித்துவிடுங்கள். மிஞ்சிய வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. வாளியைத் தேய்த்துக் கழுவி, புதுக் கரைசலைப் பாதிச் செறிவில், கிண்ணத்துக்கு வெகு கீழே நிற்கும்படி ஊற்றுங்கள். மீன் தொட்டிக் காற்று பம்ப் ஒன்றை விடுங்கள். வெளிச்சம் ஊடுருவும் வாளி என்றால் கறுப்புத் தாள் சுற்றுங்கள். உள்ளே பாசி பிடித்தால் இரவில் அதுவும் ஆக்சிஜனுக்குப் போட்டியிடும். கோடையில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றை உள்ளே இறக்கி, 25 டிகிரிக்குக் கீழே வைக்கப் பாருங்கள்.

கிருமியைக் கொல்ல ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. நல்ல நுண்ணுயிர்களும் அதோடு போய்விடும். தண்ணீர் சூடாகவே இருந்தால் அழுகல் திரும்ப வரும். தண்டின் அடி பழுத்து, அழுத்தினால் விரல் உள்ளே போகிறதா? அந்தச் செடியை விட்டுவிடுங்கள். திருநீற்றுப்பச்சை என்றால் நல்ல நுனிக் கொம்பை வெட்டி வேறு தண்ணீரில் வைத்தால் வேர் விடும். லெட்டூசுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

[காட்சி: அதே வாளி. செடியில் ஐந்தே இலைகள், நிமிர்ந்து நிற்கின்றன. கிண்ணத்தின் வலை வழியே அரிசி அளவில் வெள்ளை வேர் நுனிகள்.]

என் செடியில் வெட்டியபின் ஏழாம் நாள் எடுத்த படம் இது. அன்று காலை குச்சியில் ஈரம், முந்தைய கோட்டுக்கு ஒரு நூல் கீழே இருந்தது.