மெடிக்கல் கடையில் மாத்திரையை மட்டும் வாங்கிவிட்டு வராதீர்கள்

[காட்சி: மருந்துக்கடை கவுன்டர். ஒரு பாட்டி இரண்டு அட்டை மாத்திரைகளை நீட்டுகிறார்.]

"தம்பி, இது காய்ச்சலுக்கு, இது சளிக்கு. ரெண்டையும் சேர்த்துப் போடலாமா?"

ஃபார்மசிஸ்ட் அட்டைகளைத் திருப்பிப் பார்க்கிறார். முன்பக்கம் வேறு வேறு பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில், இரண்டிலுமே பாராசிட்டமால்.

"வேண்டாம் பாட்டி. ரெண்டுலயும் ஒரே மருந்து இருக்கு."

பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறைத் தாண்டக் கூடாது. வயதானவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் டாக்டர் இன்னும் குறைத்தே கொடுப்பார். இதைக் கவனித்துச் சொல்ல ஓர் ஆள் நம் தெருமுனையிலேயே இருக்கிறார். நாம்தான் கேட்பதில்லை.

இப்படிச் சொல்லித் தருவது கடைக்காரர் காட்டும் தயவு என்று நினைக்காதீர்கள். மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்குவது மருந்தாளுநரின், அதாவது ஃபார்மசிஸ்டின், கடமை என 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் நடைமுறை விதிகளே சொல்கின்றன. ஆனால் ஒன்று: கவுன்டரில் நிற்கிற எல்லோரும் ஃபார்மசிஸ்ட் இல்லை. "ஃபார்மசிஸ்ட் இருக்காரா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

சரி, அவரிடம் என்ன கேட்கலாம்?

முதலில், எதை எதனோடு சாப்பிடக் கூடாது என்பதைக் கேளுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். இது பலருக்கும் தெரியும். அதோடு சேர்த்தே கால்சியம் மாத்திரையையும் விழுங்கினால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்குதான்.

[காட்சி: இன்ஹேலர், அருகில்.]

அடுத்தது இன்ஹேலர். பலர் அழுத்திவிட்டு அப்புறம் மூச்சை இழுக்கிறார்கள். மருந்து நாக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடுகிறது. நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். பிறகு பத்து விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் கடைசியில் வாய் கொப்பளிக்கவும் வேண்டும். வாங்கும் கடையிலேயே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், ஒரு மருந்துக்கடை செய்கிற மிகப் பெரிய உதவி இதுதான்.

இன்சுலின் வாங்கினால் ஐஸ் பேக் வைத்துத் தரச் சொல்லுங்கள். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும்; ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பிரஷர், சுகர் பார்த்துச் சொல்லும் கடைகளும் உண்டு. அந்த எண்ணைத் தேதியோடு குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

மாதாமாதம் மருந்துச் செலவு கையைக் கடிக்கிறதா? அதே மருந்து ஜெனரிக்கில், அதாவது பிராண்ட் பெயர் இல்லாமல் குறைந்த விலையில், கிடைக்குமா என்று டாக்டரையும் ஃபார்மசிஸ்டையும் கேளுங்கள். இதற்கென்றே மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன.

[காட்சி: மஞ்சப்பையிலிருந்து மாத்திரை அட்டைகள் கவுன்டரில் கொட்டப்படுகின்றன.]

அடுத்த முறை போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் டாக்டர் சீட்டையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். காலாவதியானது எது, இரண்டு பெயரில் வந்த ஒரே மருந்து எது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மதியம் கூட்டம் இருக்காது. அப்போது போனால் நிதானமாகப் பார்த்துச் சொல்வார்.