சூளை நிறையும்வரை

நேயர்களுக்கு வணக்கம்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையை ஒட்டி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு முதியோர் குடியிருப்பிலிருந்து வந்திருக்கிறேன். பணியில் இருந்தவரை வேதியியல் ஆசிரியை. இப்போது எங்கள் மண்பாண்டக் குழுவில் கணக்கு எழுதுகிறவள். பணக் கணக்கு எளிது. சூளைத் தட்டில் யாருக்கு எவ்வளவு இடம் என்கிற கணக்கும் என் பொறுப்பில் இருக்கிறது, தலைவலி அதில்தான். எங்கள் குழுவின் பெரிய சண்டைகள் எல்லாம் அந்த இடத்துக்காக நடந்தவை.

எங்களுடையது மும்முனை இணைப்பில் ஓடும் மின்சாரச் சூளை. அதில் நான்கு கிண்ணங்களை வைத்துச் சுட்டாலும், நிறைய அடுக்கிச் சுட்டாலும் மின்கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இராது. ஆகவே நிறைந்தால்தான் சூளை போடுவது என்று முடிவு. தன் ஜாடியை முடித்துவிட்டு ஒருவர் ஆவலாக நிற்பார். இன்னொருவர் மகளைப் பார்க்க பெங்களூருக்குப் போயிருப்பார். மூன்றாமவர் மூட்டுவலியில் படுத்திருப்பார். முதலாமவரின் ஜாடி எல்லோருக்காகவும் காத்திருக்க வேண்டும்.

மண்ணை இரண்டு முறை சுடுகிறோம். முதல் சூடு ஆயிரம் பாகை செல்சியசை ஒட்டியது. அதில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு இருக்கலாம், ஒன்றுக்குள் ஒன்றை அடுக்கலாம், ஒட்டிக்கொள்ளாது. அதனால் முதல் சூடு சமாதானமாகவே நடக்கும். பிறகு கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சில் முக்கி, 1200 பாகைக்கு மேல் இரண்டாம் சூடு. அப்போது பூச்சு உருகிக் கண்ணாடியாகிறது. பக்கத்துப் பாத்திரத்தைத் தொட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். வழிந்து இறங்கினால் தட்டோடு ஒட்டிவிடும். ஒவ்வொரு பாத்திரத்தைச் சுற்றியும் இடைவெளி வேண்டும், அடிப்பாகத்தில் பூச்சைத் துடைத்திருக்க வேண்டும். துடைக்காமல் கொண்டுவருகிறவர் யார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். அவர் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதால் பெயரைச் சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்பில் இருப்பவர்கள் இந்த மலையின் வேலைகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவர்கள். தபால் துறை, மலை ரயில், தேயிலைத் தோட்டம், மருத்துவமனை. ஊட்டி இந்து நகரில் இருந்த ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் அக்கா இருக்கிறார். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். வெளிச்சம் பட்டால் ஃபிலிம் கெட்டுவிடும் என்பதால் ஆண்டுக்கணக்கில் இருட்டிலேயே வேலை செய்த கை அவருடையது. அவர் சக்கரத்தில் உட்கார்ந்தால் பார்க்க வேண்டும். மண் எழும்பி நின்றதும் கண்ணை மூடிக்கொள்வார். இடது கை விரல்கள் உள்ளே, வலது கை விரல் முட்டி வெளியே. சுவர் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று விரல் சொல்லிவிடும். "பார்த்தால் பயம் வந்துவிடுகிறது மிஸ், பார்க்காவிட்டால் சரியாக வருகிறது" என்பார். எனக்கு அந்த வித்தை இன்றுவரை கைகூடவில்லை. நான் மண்ணைத் திரியாக உருட்டி, சுற்றிச் சுற்றி மேலேற்றுகிற ஆள்.

சூளைக்குப் பொறுப்பாளர் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் அவர் சூளைக்கார ஐயா. வெடிக்கக்கூடிய பொருள்களுடன் வாழ்நாளைக் கழித்தவரிடம் சூளையை ஒப்படைத்தது எங்கள் குழு செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று. ஏனென்றால் ஈரம் போகாத பாண்டம் சூளைக்குள் வெடிக்கும். மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிளந்துவிடும். ஒன்று வெடித்தால் அதன் சில்லுகள் பக்கத்தில் இருப்பவற்றையும் உடைக்கும். சமவெளியில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1850 மீட்டர் உயரம். இங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடும். சமவெளியில் அச்சான கையேட்டைப் பார்த்துச் சூளையை நூறுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தால் நம் ஊரில் அது ஏற்கெனவே கொதிநிலையைத் தாண்டிவிட்டது என்று பொருள். ஐயா இரவு முழுவதும் 80 பாகையில் வைத்திருந்து, விடிந்த பிறகுதான் மேலே ஏற்றுவார். அதற்கு மேலும் அவசரம் கிடையாது. 573 பாகை வரும்போது மண்ணில் உள்ள குவார்ட்ஸ் படிகம் திடீரென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அங்கே வேகம் காட்டினால் விரிசல் நிச்சயம்.

சூளையின் வெப்பமானியை ஐயா முழுதாக நம்புவதில்லை. துளை வழியே பார்த்தால் தெரியும்படி விரல் நீளத்தில் ஒரு சிறு கூம்பை உள்ளே நிறுத்திவைப்பார். குறிப்பிட்ட சூடு குறிப்பிட்ட நேரம் பட்டால் கூம்பின் தலை மெல்லச் சாய்ந்து தட்டைத் தொடும்படி அதைச் செய்திருப்பார்கள். கருப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு அந்தத் துளையில் கண்ணை வைத்து, "இன்னும் வணங்கவில்லை" என்று அறிவிப்பார். நாங்கள் தேநீர் போடப் போய்விடுவோம். வணங்கிய பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆறுவதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். எட்டிப் பார்க்கக் கெஞ்சாதவர் எங்களில் யாரும் இல்லை. எண்பது வயதில் இப்படி ஒரு பரபரப்பு கிடைப்பது சாதாரண விஷயமா, சொல்லுங்கள்!

வடகிழக்குப் பருவமழைக் காலம் எங்களுக்குச் சோதனை. நம் பக்கத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். மூடுபனி அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். கோடையில் ஒரு வாரத்தில் காய்கிற கிண்ணம் அப்போது மாதக்கணக்கில் சிலுசிலுப்பாக இருக்கும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி, பாண்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். ஒரு வரிசை முதியவர்கள் ஆளுக்கொரு கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த புதுக் காவலாளி, எங்களுக்குப் பல்வலி என்று நினைத்துவிட்டார். மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் நடுச்சூட்டில் சூளை நிற்கும். மறுபடி முதலிலிருந்து. மார்கழியில் வேறு தொல்லை. உறைபனி விழும் இரவில் ஈரமான பாண்டத்தை ஜன்னலோரம் விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து பருத்து, காலையில் சுவர் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடக்கும்.

வயதான உடம்பும் மண்ணும் ஒத்துப்போகச் சில ஏற்பாடுகள் வேண்டும். சக்கரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் வெந்நீர். குளிர்ந்த மண்ணைப் பிசைந்தால் விரல் மூட்டுகள் அன்றிரவு தூங்க விடாது. குனிய முடியாதவர்களுக்காக ஒரு சக்கரத்தைப் பலகையில் ஏற்றி, நின்றுகொண்டே வனையும்படி வைத்திருக்கிறோம். மண் மூட்டையைத் தனி ஆள் தூக்கக் கூடாது. அறையைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. ஈரத்துணியால் துடைப்பது மட்டும்தான். காய்ந்த களிமண்ணின் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. இந்த ஒரு விதியில் நான் கண்டிப்பான வாத்தியார்.

எங்களைப் பார்க்க வருகிறவர்கள், "வயதான காலத்தில் நல்ல பொழுதுபோக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பொழுதைப் போக்குவதற்குத் தொலைக்காட்சி போதும். பிறருக்குப் பாரமாக இருக்கக் கூடாது, யாரையும் எதிர்பார்க்கக் கூடாது என்று எங்கள் தலைமுறைக்கு ஓயாமல் சொல்லப்படுகிறது. நாங்களும் பிள்ளைகளிடம் அதையே சொல்லிப் பெருமைப்படுகிறோம். சூளைக்கு முன்னால் அந்தப் பெருமை எடுபடாது. உங்கள் ஜாடி வெளியே வர என் கிண்ணம் முடிந்திருக்க வேண்டும். யாராவது ஒரு வாரம் வரவில்லை என்றால் மற்றவர்கள் கதவைத் தட்டுவது வெறும் கரிசனத்தால் அல்ல. தட்டில் அவருக்கு ஒதுக்கிய இடம் காலியாக இருக்கிறதே என்கிற கோபமும் உண்டு. வந்து நலம் விசாரிப்பவர்களைவிடக் கோபித்துக்கொள்ள வருகிறவர்களால்தான் படுக்கையிலிருந்து எழுந்தேன் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மண் வேலை இந்த மலைக்கு வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நீலகிரியின் பழங்குடிகளான கோத்தர்களை மறந்துவிடுகிறார்கள். கோக்கால் எனப்படும் ஏழு ஊர்களில் வாழும் அந்த மக்களில் ஆண்கள் இரும்பு வேலை, மர வேலை, இசை என்று பெயர் பெற்றவர்கள்; பாண்டம் வனைவது பெண்கள். சமவெளியில் சக்கரத்தின் முன் பெரும்பாலும் ஆண்கள்தான் உட்காருவார்கள், இங்கே பெண்கள். படகர் வீடுகளுக்கும் மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளுக்கும் பானை போனது அவர்கள் கையிலிருந்துதான். அலுமினியமும் எவர்சில்வரும் வந்து அந்தத் தேவையைக் குறைத்துவிட்டன. எங்கள் குழுவில் இருக்கும் ஒரு படகர் பாட்டி, கோத்தர் பானையில் அவரைக் குழம்பு வைத்த நாள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். எங்கள் பாத்திரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அழகாய்த்தான் இருக்கிறது, இதில் அடுப்பேற்ற முடியுமா?" என்று ஒரே கேள்வியில் எங்களை அடக்கிவிடுவார். முடியாதுதான். சொரசொரப்பான மண்ணில் குறைந்த சூட்டில் சுட்ட பானை நெருப்பைத் தாங்கும். உயர்ந்த சூட்டில் இறுகிய எங்கள் பாத்திரம் அடுப்பில் விரிசல் விடும்.

அதற்கும் மிகப் பழமையானவை நம் மலை உச்சிகளின் கல்வட்டங்களில் கிடைத்த ஈமப் பாண்டங்கள். நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் அவற்றைத் தோண்டிச் சேகரித்தார். ஊட்டியில் அவர் நினைவாக எழுந்த பள்ளியை நேயர்கள் அறிவீர்கள். அவர் எழுதிய நூல், அவர் இறந்த பின் 1873இல் வெளியானது. அந்தப் பாண்டங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் இருக்கின்றன. உயரமாக, அடுக்கடுக்காக எழும்பும் ஜாடிகள். மூடியின் மேல் எருமை, குதிரை, மனித உருவம். சென்னைக்குப் போன எங்கள் உறுப்பினர் ஒருவர் படம் எடுத்து வந்து காட்டிய நாளிலிருந்து குழுவில் எல்லோருக்கும் எருமைப் பித்து பிடித்துவிட்டது. மூடி செய்வது எளிதல்ல. ஈர மண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிடும். மூடியும் ஜாடியும் ஒரே மண்ணில் செய்து, மூடியபடியே காயவைத்து, மூடியபடியே முதல் சூட்டுக்கு அனுப்பினால்தான் பொருந்தும். கொம்புகள் முதலில் காய்ந்து உடையும் என்பதால் அவற்றை மட்டும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைப்போம். எங்கள் எருமைகளில் பாதி பன்றி போலத்தான் இருக்கின்றன. மூடி மட்டும் கச்சிதமாக உட்காரும்.

போன மழைக்காலத்தில் ஓர் உறுப்பினர் காலமானார். தோட்டத்தில் கள அதிகாரியாக இருந்தவர், பேச்சுக் குறைவு. அலமாரியில் அவருடைய ஆறு கோப்பைகள் சுடப்படாமல் இருந்தன. என்ன செய்வது என்று கூடிப் பேசினோம். சுடாத மண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மறுநாளே கரைந்து மீண்டும் களிமண் ஆகிவிடும்; பிடிக்காததை அவர் அப்படித்தான் செய்வார், பலமுறை. ஆகவே கரைத்துவிடலாம் என்று ஒரு கட்சி. சுட்டே ஆக வேண்டும் என்று ஒரு கட்சி. சுட்டால் எந்த நிறம் என்று அதற்குள் ஒரு கிளைச் சண்டை. அவர் எப்போதும் நீலம் பூசுவார் என்றார் ஒருவர், மற்ற நிறங்கள் தீர்ந்துபோனதால்தான் அப்படிச் செய்தார் என்றார் இன்னொருவர். கடைசியில் அவருடைய மனைவியிடம் போய்க் கேட்டோம். அதுவரை மண் அறைக்குள் கால் வைக்காதவர். வந்து பார்த்தார். மூன்றைக் கரைக்கச் சொன்னார், மூன்றைச் சுடச் சொன்னார். "இந்த மூன்றின் காது அவருக்கே பிடித்திருக்காது" என்று காரணமும் சொன்னார். கரைத்த மண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார். தட்டில் இடம் கேட்டு என்னிடம் சண்டையும் போடத் தொடங்கிவிட்டார்.

மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சிக்காகச் சுற்றுலாப் பயணிகள் குவியும்போது எங்கள் வாசலிலும் ஒரு மேசை போடுவோம். வருகிற பணம் மண்ணுக்கும் மின்கட்டணத்துக்கும் சரியாகப் போய்விடும்.

இப்போது கையில் இருக்கும் வேலை தேயிலைச் சாம்பல். தேயிலைச் செடிகளை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வார்கள். அந்தக் குச்சிகளை எரித்த சாம்பலைச் சலித்து, ஃபெல்ஸ்பார் என்கிற கனிமப் பொடியும் களிமண்ணும் சேர்த்தால் உயர்ந்த சூட்டில் அதுவே கண்ணாடிப் பூச்சாகும். சாம்பலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து உருக்கும் வேலையைச் செய்கிறது. சாம்பல் நீர் தோலை அரிக்கும் என்பதால் கையுறை கட்டாயம். சோதனைத் துண்டுகள் இதுவரை பழுப்பிலிருந்து பாசிப்பச்சை வரை வந்திருக்கின்றன. விகிதத்தை மாற்றி மாற்றி எழுதிவைக்கிறேன். கவாத்துக் குச்சிச் சாம்பல் வைத்திருக்கும் தோட்டக்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், பிளாஸ்டிக் எதுவும் சேர்க்காமல் எரித்த சாம்பலாக இருந்தால், எங்களுக்கு ஒரு மூட்டை தேவைப்படுகிறது. மேல்தட்டில் இன்னும் இரண்டு கிண்ணங்களுக்கு இடம் இருக்கிறது. அது நிறைந்ததும் சூளை போட வேண்டும்.

வணக்கம்.